முப்பத்தேழாம் நம்பர்

தேனு,

நான் ஊர் திரும்பியதிலிருந்து போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறாய். "ஏம்மா ஒரு மாதிரி பேசற?" உடம்பு அசதி என்றேன். நேர வித்தியாசம் என்றேன். ஃபேக்டரியில் சீசன் வேலை என்றேன். எதையும் நீ நம்பவில்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காராபூந்தி தின்றுகொண்டே, "உங்கம்மாவுக்கு வயிறு எரியுது, வேற ஒண்ணும் இல்ல" என்று உனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி.

பொறாமை. அந்தச் சொல்லை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. மகனைச் சிறையில் விட்டுவிட்டு நாடு நாடாக அலையும் ஒரு பெண்ணைப் பார்த்து, ஆம்பூரில் சொந்த வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குப் பொறாமை. மகள் தினமும் போன் செய்கிற ஒருத்திக்கு. இதை யாரிடம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ செய்கிற வேலையும் அதுதானே. மூடிய அறைக்குள் முனகிவிட்டுப் போகிறவர்களைப் பொதுவில் வாய் திறக்க வைப்பது. அந்த நாட்டின் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். எழுதவில்லை. அவள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மரியம் என்று வைத்துக்கொள்வோம்.

உன் காலில் இருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த இடம் அதுதான். ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்கிறவள் மனிதர்களைக் கீழேயிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். பெண்கள் ஷூவுக்குச் சாம்பிள் என்றால் முப்பத்தேழாம் நம்பர். எந்த தேசத்து பையர், அதாவது ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர், கேட்டாலும், எந்த டிசைன் ஆனாலும், முதலில் அந்த ஒரே அளவில்தான் தைப்போம். அவர் சரி என்ற பிறகுதான் மற்ற அளவுகள். ஆகவே அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது, சீசன் முடிந்து அலமாரியிலிருந்து கழித்தது எல்லாம் முப்பத்தேழு. இந்த ஊரில் அந்த அளவில் கால் வாய்த்த பெண் அதிர்ஷ்டக்காரி. ஒன்பதாம் வகுப்பில் உன் கால் அந்த நம்பருக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வளரவில்லை. "சாம்பிள் காலு" என்று என் அறையில் எல்லோரும் உன்னைக் கூப்பிட்டார்கள். அரசுப் பள்ளிக்கு இத்தாலிக்காரருக்காகத் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாய். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு நாற்பதாம் நம்பர் கால். அந்த அறையில் என் கண்முன் தைத்த எதுவும் இன்றுவரை என் காலில் ஏறியதில்லை. அப்போது அது வருத்தமாக இல்லை. உன் காலில் பார்த்தால் போதும் என்று இருந்தது.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை நாங்கள் ஜோடியாக வைத்துக்கொள்வதில்லை. இடதுகால் அவரிடம் போகும். வலதுகால் எங்களிடம் இருக்கும். இரண்டுக்கும் சீல். சரக்கு போய்ச் சேர்ந்து, தகராறு எதுவும் இல்லை என்று ஆகிறவரை அவை ஒன்று சேராது. சின்ன வயதில் அலமாரி முழுக்க ஒற்றைக் கால்களைப் பார்த்துவிட்டு, மற்ற கால்கள் எங்கே என்று கேட்டாய். வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறது, முடிந்ததும் வரும் என்றேன். அலமாரிக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தாய்.

நீயும் வெளியூர் போனாய். டெல்லியில் படித்தாய். ஹாஸ்டலில் அந்த நாட்டுப் பிள்ளைகளோடு பழகி அவர்கள் மொழியைப் பிடித்துக்கொண்டாய். அவர்களில் ஒருவன்தான் மரியத்தின் மகன். படிப்பு முடிந்து ஊருக்குப் போய், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, காணாமல் போகிறவர்களைப் பற்றி எழுதினான். ஒருநாள் அவனும் அந்தக் கணக்கில் சேர்ந்தான். பிறகு சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. அவன் உனக்கு யார் என்று ஒருமுறை கேட்டேன். "தோஸ்த்மா. அவ்ளோதான்" என்றாய். நம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன், நம்பினேன். நீ ஜெனீவாவில் ஒரு சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தாய். நாடு நாடாகத் தூதர்களின் கதவைத் தட்டுவது. அந்த நாட்டில் நடப்பதைக் கண்டித்து ஓர் அறிக்கை. எத்தனை நாடுகள் சேர்ந்து கையெழுத்திடுகின்றனவோ அத்தனைக்கு அது கனக்கும். முதலில் உன் வேலை எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு நாட்டின் தூதரகச் செயலாளர் நல்ல காபி கொடுத்து, தலைநகரத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். இன்னொருவர், பக்கத்து நாடு போட்டால் நாங்கள் போடுகிறோம் என்பார். பக்கத்து நாட்டுக்காரர் இவரைக் கைகாட்டுவார். பையர்களும் இப்படித்தான் என்றேன். நீ அதற்கு நன்றாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்தது. கடைசியாகக் கிடைத்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு மரியம் வந்தாள். இதயத்தில் அடைப்பு. எந்த நாட்டிலிருந்தோ யாரெல்லாமோ வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள், அவளும் வரட்டும் என்று ஏற்பாடு செய்தாய். அவள் ஏற்கெனவே ஊரைவிட்டு வெளியேறி, பக்கத்து நாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தாள். வேலூரில் ஆபரேஷன். காலிலிருந்து ரத்தக் குழாயை உருவி நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள். ஆறுகிறவரை நம் வீட்டில். உன் அறையில், உன் கட்டிலில். அதுகூடப் பரவாயில்லை. காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கிய அன்றே அவள் செருப்பு அறுந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த உன் பழைய சாம்பிள் செருப்பில் ஒன்றைக் கொடுத்தேன். குனிந்து போட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. முப்பத்தேழு. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உன் போன் முதலில் அவள் அறையில்தான் அடிக்கும். கதவு திறந்தே இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் பேசுவது எனக்குக் கேட்கும், புரியாது. என் வயிற்றில் இருந்து வந்த குரல் எனக்குப் புரியாத மொழியில் கொஞ்சுவதைக் கேட்டிருக்கிறாயா. நீ எப்படிக் கேட்டிருப்பாய். அவளை அந்த மொழியில் அம்மா என்று கூப்பிடுகிறாய் என்பதைப் பக்கத்து வீட்டு ஷமீம்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஷமீம் வீட்டு உருதுவுக்கும் மரியத்தின் மொழிக்கும் பொதுவாகச் சில சொற்கள் இருந்தன. அதை வைத்துக்கொண்டு அவர்கள் மருமகள்களைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஆதா புரியுதுக்கா, ஆதா நானே போட்டுக்கிறேன்" என்பாள் ஷமீம். ஆதா என்றால் பாதி. நான் ஃபேக்டரி இங்கிலீஷில் "ஓகே? பெயின்? ஈட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எம்.ஏ. வரலாறு படித்தவள் நான். என் வீட்டில் எனக்கு மட்டும் மொழி இல்லை. பிறகு போன் என் கைக்கு வரும். உப்பு கம்மியாகப் போடு, மாத்திரை எடுத்தாங்களா பார், நடக்க வை. சரி, சரி, சரி. நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்காத நாட்களை எண்ணவில்லை என்று எழுத ஆசை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எனக்கு அது எரிச்சல். சமையலறைக்கு வந்தால் எப்போதும் என் வலது பக்கம்தான் வந்து நிற்பாள். அங்கேதான் அடுப்பு. கரண்டி போகிற பக்கம். இடது பக்கம் அத்தனை இடம் கிடக்கும். தோளைப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்துவேன். சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துவிடுவாள். உன் அப்பாவோடு வாசலில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு வலது பக்கம் போடுவாள். "இன்னா சாஸ்திரமோ" என்றார் அவர். ஷமீமிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவளைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

உன் அறிக்கையைப் படிக்கப்போகிற ஜெனீவா சபைக் கூட்டம் நெருங்கியது. "அவங்க வந்து உக்காந்து பேசினாதான்மா தயங்கறவங்க கையெழுத்து போடுவாங்க" என்றாய். தாய் ஒருத்தி எதிரில் வந்துவிட்டால் தலைநகரத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வது கஷ்டம் என்றாய். அவள் தனியாக வர முடியாது, யாராவது கூட வர வேண்டும் என்றாய். பிறகுதான், "நீயும் வந்த மாதிரி இருக்கும்மா." இரண்டு வருஷமாக நீ வா வா என்று கூப்பிட்டு, லீவு இல்லை, குளிர், வீடு மாற்றுகிறேன் என்று தள்ளிப்போன பயணம். மகளைப் பார்க்க முதல் தடவையாகக் கடல் கடக்கிறேன். இன்னொருத்தியின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு. ஃபேக்டரியில் எல்லோரும், "உன் பொண்ணு உன்ன ஃபாரின் கூட்டிட்டுப் போறாளா" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நாங்கள் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மரியத்தின் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவள் பேசிக்கொண்டே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷன் ஆனவள் அப்படி உட்காரக் கூடாது. ஓடிப்போய் ஷமீமைக் கூட்டிவந்தேன். விஷயம் இதுதான். அரசாங்க ஆட்கள் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள், பழம் வாங்கிவந்திருக்கிறார்கள். அவள் ஜெனீவாவில் வாய் திறக்காமல் இருந்தால் பையனை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு இதை உடனே சொல்லக் கூடாது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஷமீம், "நீயா இருந்தா இன்னா பண்ணுவேன்னு கேக்கறாங்கக்கா" என்றாள்.

நான் யோசித்த நேரத்தில் என்ன யோசித்தேன் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். இவள் பேசாவிட்டால் உன் அறிக்கை படுத்துவிடும். நீ தோற்பாய். தோற்றால் சோர்ந்துபோய் வருவாய். ஒரு மாதமாவது உன் அறையில், உன் கட்டிலில் படுத்துக்கிடப்பாய். நான் உனக்கு உப்பும் காரமும் போட்டுச் சமைப்பேன். இது முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மகன் வந்தான். அவன் இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே பதில்தான் வந்தது. "நான் பேச மாட்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்தா போதும்னு சொல்லு" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலில் எவ்வளவு தாய், எவ்வளவு பொறாமை என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. இன்றும் முடியாது.

மரியம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாகப் பேசினாள். ஷமீம் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போன வருஷமும் இதே மாதிரிதான் சொன்னாங்களாம். இவங்க வாய மூடிக்கினு இருந்தாங்களாம். அப்புறம் புள்ளைய இன்னும் தூரமா ஒரு ஜெயிலுக்கு மாத்திட்டாங்களாம். நீ சொல்றத நான் பண்ணிப் பாத்துட்டேன்னு சொல்றாங்கக்கா." அதோடு மரியம் எழுந்துபோய் மாத்திரை போட்டுக்கொண்டாள். நான் யோசனை சொன்னதற்காக அவள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டாள்.

சபையில் எல்லோரும் பார்ப்பார்கள், நல்ல ஷூ ஒன்று போட்டு அழைத்துவா என்று சொல்லியிருந்தாய். உன் கல்யாணத்துக்கென்று ஓர் ஆட்டுத்தோலை எடுத்துவைத்திருந்தேன். மாதுளைப் பழத்தின் வெளித்தோல் நிறம், கன்னத்தைப் போல மெத்தென்று இருக்கும். அதை எடுத்தேன். ஏன் என்று உன் அப்பா கேட்டார். நான் நுழைய முடியாத இடத்துக்கு என் வேலையாவது நுழையட்டும் என்றேன். இரண்டு கால்களையும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்தில் வெட்ட வைத்தேன், நிறம் துளி மாறக் கூடாது என்று. தையலை நானே போட்டேன். அளவெடுக்கவில்லை. முப்பத்தேழுக்கு யாராவது அளவெடுப்பார்களா. அந்த அளவுக்குக் கால் வடிவக் கட்டை தயாராக நிற்கிறது. உன் செருப்பு அவளுக்குப் பொருந்தியதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. தைத்து முடித்த பிறகு போட்டுப் பார்க்கவும் சொல்லவில்லை. பெட்டியில் வைத்து மூடினேன். ஆம்பூர்க்காரிக்குத்தான் இந்தத் தைரியம் வரும்.

ஜெனீவாவில் நீ அவளுக்குக் கட்டிலைக் கொடுத்தாய். எனக்கு சோஃபா. சரி. பகலில் உங்களோடு தூதரகம் தூதரகமாக வந்தேன். நீங்கள் உள்ளே போவீர்கள். நான் நடைபாதை நாற்காலியில் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு நாள், நீங்கள் ஏதோ ஓர் அறையில் இருந்தபோது, உயரமாக, நரைத்த தாடியோடு ஒரு தூதர் வந்தார். என்னைப் பார்த்தார். நின்றார். மாநிறம், வயதான பெண், முக்காடு மாதிரி சால்வை. குளிருக்குப் போட்டது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். உங்கள் மகனை நாங்கள் மறக்கவில்லை என்றார். எனக்கு மகன் இல்லை. தலையாட்டினேன். உங்கள் தைரியத்துக்குத் தலைவணங்குகிறேன் என்றார். அதற்கும் தலையாட்டினேன். அவர் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது, எதற்கென்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது நீ கதவருகே நின்றுகொண்டிருந்தாய்.

அவர் போனதும் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாய். "ம்மா, இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க. அவங்கன்னு நெனச்சிட்டுப் போறாரும்மா அவரு." நீ கோபத்தில் ஆம்பூர் பேசுகிறாய். அதற்காகவே இன்னொரு தடவை செய்யலாம் என்று தோன்றியது. "ஒரு நிமிஷம் அவங்களா இருந்துட்டுப் போறேன்டி, இன்னா இப்ப" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஏதோ தெரிந்துகொண்ட பார்வை. தெரிந்துகொண்டு கேட்காமல் விட்டாய். மரியத்திடம் நீ விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். நெஞ்சுத் தையல் வலிக்காமல் இருக்க வேலூரில் கொடுத்த சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். மறுநாள் அந்தத் தூதரின் நாடு கையெழுத்திட்டது. என்னால் இல்லை, அவர்கள் எப்படியும் போட்டிருப்பார்கள் என்றாய். இருக்கலாம்.

சபை நாள் காலை. பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்தேன். மரியம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு முத்தமிட்டாள். இடதுகால் போய்விட்டது. வலதுகால் போகவில்லை. ரத்தக் குழாய் எடுத்த கால். விமானத்தில் உட்கார்ந்து வந்ததிலும், நாட்கணக்கில் நடந்ததிலும் வீங்கியிருந்தது. குதிகாலைத் தள்ளினேன். பவுடர் போட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை என்று தலையாட்டினாள். தோல் அவள் தையலின்மேல் ஏறுவதைப் பார்த்தேன். நிறுத்திவிட்டேன். வாழ்நாள் முழுக்க ஷூ தைத்தவள், ஒரு காலை அளவெடுக்காமல் கடல் தாண்டி வந்திருக்கிறேன். உன் முப்பத்தேழும் உதவாது. அவளைச் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள் என்று பயந்தது நீ இல்லை, நான்தான். வண்டி கீழே வந்துவிட்டது. என் காலில் இருந்த ஷூவைப் பார்த்தேன். கறுப்பு, அகலம், ஆம்பூர் பஜாரில் ஆண்கள் பக்கத்தில் வாங்கியது. நாற்பது. கழற்றி அவள் முன்னால் வைத்தேன். போட்டுக்கொண்டாள். ஒரு காலில் கொஞ்சம் தளர்வு, மற்றதில் சரியாக.

என் அனுமதி அட்டை நடைபாதை வரைக்கும்தான். கம்பளத்தின்மேல் சாக்ஸ் காலோடு நின்றேன், மாதுளை நிற ஷூவை ஒரு பிளாஸ்டிக் கவரில் பிடித்துக்கொண்டு. காவலர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் திரை இருந்தது. கூடவே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்புக் குரல். அவள் பெயரைச் சொன்னார்கள். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய், அவள் தோளில் கை வைத்து. திரையில் முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. கால் தெரியவில்லை. நான் காலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதிக்கொடுத்ததை அவள் படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள். என் மகனுக்குப் பிறந்ததிலிருந்து இடது காதில் கேட்காது என்றாள். விசாரணையில் அவன் இடது பக்கம் நின்று கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை என்று அடித்திருக்கிறார்கள். மறுபடி அந்தப் பக்கமே நின்று கேட்டிருக்கிறார்கள். இங்கே இருக்கிறவர்களில் யாருக்காவது என் அரசாங்கத்தோடு பேச்சு இருந்தால், அவனுடைய வலது பக்கம் வந்து நின்று பேசச் சொல்லுங்கள் என்றாள். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தாள். நேரம் முடிந்து ஒலிவாங்கி நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

என் அடுப்படி ஞாபகம் வந்தது. தோளைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினேனே. யாரோடு நின்றாலும் அவனோடு நிற்கிற மாதிரியே நிற்கிறாள். பழகிப்போன உடம்பு. அவ்வளவு தூரத்தில், என் சமையலறையில், வெங்காயம் நறுக்குகிற என் பக்கத்தில், அவள் மகனுடைய வலது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை நகர்த்தினேன். திரும்பத் திரும்ப.

தயங்கியவர்களில் பலர் அன்று கையெழுத்திட்டார்கள். எல்லோரும் இல்லை. அறிக்கை படிக்கப்பட்டது. பையன் வெளியே வரவில்லை. ஆனால் ஒரு வழக்கறிஞரை அவனைப் பார்க்க விட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாய். மரியம் இப்போது வேறொரு நகரத்தில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இருக்கிறாள். விமான நிலையத்தில் அவள் விமானம்தான் முதலில். நீ அவளை விடாமல் கட்டிக்கொண்டு நின்றாய். அவள் என் ஷூவோடு போனாள். திருப்பிக் கேட்க மறந்தாள், நானும் கேட்கவில்லை. பிறகு நீ என்னிடம் வந்தாய். "அழுவாதம்மா, ஊருக்குப் போய்ட்டு போன் பண்ணு" என்றாய். உன் தோளில் அவள் எண்ணெய் வாசனை அடித்தது. நீ வாங்கிக்கொடுத்த துணி ஷூவோடு ஊர் வந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அழகாக முடியும். போகவில்லை. அவளைப் பற்றி நினைக்கும்போது மரியாதையும் அதுவும் ஒன்றாகவே வருகிறது. ஆனால் உன் வேலையில் உனக்கு யாரும் சொல்லாத ஒன்றை இந்தப் பொறாமைக்காரிதான் சொல்ல முடியும். மகன் வெளியே வருகிற அன்று மரியம் உன்னை மறந்துவிடுவாள். மறக்க வேண்டும். அவனுக்குச் சோறு ஊட்டுவாள், அவன் வலது பக்கம் உட்காருவாள், உன் போனை எடுக்க மாட்டாள். நீ உலகத்தையே கூட்டிவந்தது அந்த ஒரு மறதிக்காகத்தான். அதற்கு மனசை இப்போதே தயார் செய்துகொள். அன்று என்ன நேரமானாலும் எனக்குப் போன் செய். நான் எடுப்பேன்.

அவளுக்கு வேறு ஜோடி தைக்கிறேன். அவளை நேரில் பார்க்கும்போது இரண்டு காலையும் தனித்தனியாக ஒரு காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. மாலையில் வரை, காலையில் வேண்டாம். மாலையில்தான் வீக்கம் முழுசாகத் தெரியும். நின்றபடி வரை. இந்தத் தடவை எந்த நம்பரும் இல்லாமல் தைப்பேன்.

மாதுளை நிற ஜோடியை அவளுக்கு கூரியரில் அனுப்பு என்று சொன்னாய். அது அவளுக்குப் பொருந்தாது. அது முப்பத்தேழு, அந்தத் தோல் உன் கல்யாணத்துக்கு எடுத்தது. அது உன்னுடையது. நேற்று தபாலாபீசில் கொடுத்துவிட்டேன், இன்னும் சில நாளில் உனக்குக் கிடைக்கும். பெட்டியைத் திறந்ததும் ஒன்று குறைகிறதே என்று பதறாதே. உனக்கு அனுப்பியது இடதுகால் மட்டும். வலதுகால் என் அலமாரியில், மற்றவற்றோடு இருக்கிறது. சீல் வைத்திருக்கிறேன். உன் வேலை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்.

அம்மா
ஆம்பூர்